சோதிப்பதில் உன்னை மிஞ்ச ஊரில்லை

ஓசூரே, சோதித்துப் பார்ப்பதில் உன்னை மிஞ்ச இந்தச் சீமையில் இன்னொரு ஊர் கிடையாது. மனசாரத்தான் சொல்கிறேன். ராகி விளைந்த மேட்டுநிலத்தில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. முப்பது வருஷம் ஆவதற்குள், மொத்தக் கனமே 3.5 மில்லிமீட்டர் உள்ள கைக்கடிகாரத்தை டைட்டன் செய்து காட்டியது. உள்ளே ஓடும் இயந்திரத்தின் கனம் 1.15 மில்லிமீட்டர். அந்தக் கடிகாரம் கடைக்கு வந்த 2002-ஆம் ஆண்டிலேயே டிவிஎஸ் மோட்டார் ஜப்பானின் டெமிங் பரிசைத் தரத்துக்காக வாங்கியது. மைக்ரான் கணக்கில் யோசிக்கிற ஊர் நீ. ஷிஃப்ட் முடிந்து டீக்கடையில் நிற்கிறவர்கள்கூட இன்றைக்கு ரிஜெக்‌ஷன் எவ்வளவு என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள்.

ஆலைக்கு வெளியேயும் உன் கண் அப்படித்தான். பிப்ரவரி நெருங்கும்போது பசுமைக்குடில்களில் ரோஜாவைக் காம்பின் நீளம் பார்த்து, மொட்டின் விரிவு பார்த்து, இலையில் ஒரு புள்ளி இருந்தாலும் ஒதுக்கிவிட்டுத்தான் வெளிநாடு போகும் பெட்டியில் அடுக்குகிறார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரா மாம்பழக் கூழை, இனிப்பின் அளவான பிரிக்ஸ் பார்க்காமல் டப்பாவில் அடைக்கமாட்டார்கள். பூவுக்கும் பழத்துக்கும் இவ்வளவு பொறுப்பு எடுத்துக்கொள்கிற ஊரைப் புகழாமல் இருந்தால் அது நன்றிகெட்டத்தனம்.

காஸ்டிங் ஷெட்டுக்குள் நின்று பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். அலுமினியத்தில் வார்த்தெடுத்த கியர்பாக்ஸ் உறை வெளியே வழவழவென்றுதான் இருக்கும். உருகிய உலோகம் அச்சுக்குள் பாய்ந்தபோது மாட்டிக்கொண்ட காற்று உள்ளே குமிழாக நின்றிருக்கலாம். ப்ளோ ஹோல் என்பார்கள். அதற்காக உறையை எக்ஸ்ரே கேபினுக்குள் அனுப்புவார்கள். ஃபிலிமில் உலோகம் வெளிறித் தெரியும், காற்றுக்குழி கருப்புப் புள்ளியாக விழும். சோதிக்கிற பெண் ஒரு கோணத்தில் பார்த்து, திருப்பி வைத்து மறுபடியும் பார்ப்பாள். சந்தேகம் தட்டினால் ‘ஹோல்டு’ சீட்டைக் கட்டித் தனியாக வைத்துவிடுவாள். லைன் லீடர் வந்து கெஞ்சினாலும், லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்தாலும் அந்தச் சீட்டு கழலாது. தரக்கட்டுப்பாட்டின், அதாவது க்யூசியின் கையெழுத்து வேண்டும்.

இதைவிடவும் நான் மெச்சுவது ஒன்று உண்டு. எந்தக் கருவிக்கு எது தெரியாது என்பது உனக்கு மனப்பாடம். கனத்த எஃகை எக்ஸ்ரே சரியாக ஊடுருவாது என்றால் அல்ட்ராசோனிக் வைத்துப் பார்க்கிறாய். மேற்பரப்பில் மயிரிழை விரிசல் இருக்குமோ என்று தோன்றினால் சாயம் தடவித் துடைத்துப் பார்க்கிறாய். அடித்து உருவாக்கிய கிராங்க்‌ஷாஃப்டைக் காந்தமேற்றிப் பார்க்கிறாய். ஒரு கருவியால் பார்க்கவே முடியாத இடத்தை, அந்தக் கருவி எதையும் காட்டவில்லை என்பதற்காக ‘ஓகே’ போட்டு அனுப்புகிறவன் உன்னிடம் ஒரு வாரம்கூட வேலையில் தாங்கமாட்டான். ஐடிஐ முடித்துவிட்டு நேற்று சேர்ந்த பையனுக்கும் இது தெரிந்திருக்கிறது.

இரும்புக்கும் அலுமினியத்துக்கும் நீ தருகிற இந்த மரியாதையை முழுசாக ஏற்றுக்கொண்டுதான் மேலே பேசுகிறேன்.

பெண்ணின் மார்பகத்துக்குள் கொழுப்பு இருக்கிறது. பால் சுரக்கும் திசுவும் அதைத் தாங்கிப் பிடிக்கும் நார்த்திசுவும் இருக்கின்றன. ஒருத்திக்குக் கொழுப்பு கூடுதல், இன்னொருத்திக்குச் சுரப்பியும் நாரும் கூடுதல். அப்படிக் கூடுதலாக இருப்பதைத்தான் மார்பக அடர்த்தி என்கிறார்கள். அது நோயில்லை, உடம்புவாகு. பெரும்பகுதி பரம்பரையாக வருவது. தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கைக்குக் கெட்டியாகப் படுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே படத்தில்தான் தெரியும். வயது குறைந்தவர்களுக்கும் ஒல்லியானவர்களுக்கும் மாதவிலக்கு இன்னும் நிற்காதவர்களுக்கும் பெரும்பாலும் அடர்த்தி அதிகம். பிள்ளை பெற்றால் கொஞ்சம் குறையும், மாதவிலக்கு நின்றால் இன்னும் குறையும்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் ஜான் வுல்ஃப் என்ற கதிரியக்க மருத்துவர் 1976-இல் இந்த அமைப்பை நான்கு வகையாகப் பிரித்தார். சில வகைகளில் புற்றுநோய் கூடுதலாக வருகிறது என்றும் எழுதினார். பலர் அப்போது நம்பவில்லை. 2006-இல் 42 ஆய்வுகளைச் சேர்த்து எடுத்த கணக்கு ஒன்று, படத்தில் முக்கால் பங்குக்கு மேல் அடர்த்தி உள்ள பெண்களுக்கு, அடர்த்தி மிகக் குறைந்த பெண்களைவிட நான்கு மடங்குக்கும் மேல் ஆபத்து என்று காட்டியது. பயமுறுத்துவதற்காக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அது இரண்டு எல்லைகளை ஒப்பிட்ட கணக்கு. சராசரிப் பெண்ணோடு ஒப்பிட்டால், மிக அடர்ந்த வகையினருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். இன்று உலகமெங்கும் ஏ, பி, சி, டி என்று நான்கு வகை வைத்திருக்கிறார்கள். சி-யும் டி-யும் அடர்த்தியானவை. அமெரிக்காவில் நாற்பதைத் தாண்டிய பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்த இரண்டுக்குள் வருகிறார்கள். கொழுப்பு அதிகமுள்ள ஏ வகைக்காரிக்குப் புற்று வராது என்றும் யாரும் நினைத்துவிட வேண்டாம். அவளுக்கும் வரும், ஆனால் படத்தில் சீக்கிரம் தெரியும்.

ஆபத்து கூடுவது ஒரு பக்கம். மற்றது உன் எக்ஸ்ரே கேபின் பெண்ணுக்கு நான் சொல்லாமலே புரியும். காஸ்டிங்கில் வெளிறிய உலோகத்தின் நடுவே குறை கருப்பாக விழுகிறது. மார்பகப் படத்தில் கொழுப்பு கருப்பாகவும் அடர்ந்த திசு வெள்ளையாகவும் விழும். புற்றுக்கட்டியும் வெள்ளையாகவே விழும். வெள்ளைக்குள் வெள்ளையைத் தேட வேண்டும். அடர்த்தி கூடக் கூட மேமோகிராமுக்குக் கண் மங்கிக்கொண்டே போகிறது. யாருக்கு ஆபத்து கூடுதலோ அவர்களுக்குத்தான் கருவி குறைவாகப் பார்க்கிறது.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் சிப்காட் ஆலை ஒன்றின் கேன்டீனில் ஒப்பந்த வேலை பார்க்கிறார். கெலமங்கலம் பக்கத்துக் கிராமம், வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ். நாற்பத்தேழு வயது, மாதவிலக்கு இன்னும் நிற்கவில்லை. சித்தி ஒருத்தியை மார்பகப் புற்றுக்குப் பறிகொடுத்த குடும்பம். அந்தப் பயத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஒரு ஸ்கேன் சென்டரில் போய்ப் படம் எடுத்துக்கொண்டார். இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்தும்போது உயிர் போய்விட்டு வந்ததாம், ஆனால் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டதாம். சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது. கவுன்டரில் இருந்த பெண் தாளைப் புரட்டிப் பார்த்து, “நார்மல்தான்க்கா, பயப்படாதீங்க, போய்ட்டு வாங்க” என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

அந்த வேகத்தையும் அந்தப் பரிவையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். ரேஷன் கார்டும் பையனின் மார்க் ஷீட்டும் இருந்த அதே பிளாஸ்டிக் உறையிலிருந்து அக்கா அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். அரைப் பக்க ஆங்கிலம். கடைசியில் தடித்த எழுத்தில் பைரேட்ஸ் 1, அதாவது சந்தேகப்படும்படி படத்தில் எதுவும் தெரியவில்லை. அதற்கு நான்கு வரிக்கு மேலே இன்னொரு வரி இருந்தது. இரண்டு மார்பகங்களும் அடர்த்தியானவை, சி வகை, சிறு கட்டிகள் இதில் மறைந்திருக்கக்கூடும்.

ஹோல்டு சீட்டு அந்தத் தாளிலேயே கட்டியிருக்கிறது. படம் பார்த்த மருத்துவர் தன் கடமையை நேர்மையாகச் செய்து, தன் கருவிக்கு எது தெரியவில்லை என்பதை எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அந்த ஒரு வரியை அக்காவுக்குத் தெரிந்த மொழியில் வாய்திறந்து சொல்வது மட்டும் யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை. கவுன்டர் பெண் பொய் சொல்லவில்லை, ‘நார்மல்’ என்றுதான் தாள் சொல்கிறது. உன் டிஸ்பாட்ச் கதவைத் தாண்டிப் போக முடியாத ஒரு ‘ஓகே’ அக்காவின் கையில் இருந்தது.

நான் வாசித்துச் சொன்னதும் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சரி, இதுல தெரியலன்னா வேற எதுல தெரியும்?” என்றார்.

ஓசூரே, இது உன் க்யூசி கேட்கிற கேள்வி. ஏழாம் வகுப்போடு நின்று, காலை ஆறு மணிக்கு வெங்காயம் உரிக்க உட்காருகிறவர் கேட்டார். உன் ஊர்க் காற்றில் இந்த அறிவு கலந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சித்திக்கு வந்ததைச் சொல்லி ஒரு மருத்துவரிடம் இந்தத் தாளைக் காட்டுங்கள், கையால் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள், அல்ட்ராசவுண்டு வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார், நடுவில் மார்பில் ஏதாவது மாற்றம் தெரிந்தால் போன மாசம்தானே நார்மல் என்றார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.

கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நான்ஸி கப்பெல்லோ என்ற பெண்மணி வருஷம் தவறாமல் மேமோகிராம் எடுத்துக்கொண்டு வந்தவர். 2003-இல் எடுத்த படமும் நார்மல். சில வாரங்களிலேயே மருத்துவர் கையால் சோதித்தபோது மார்பில் ஒரு தடிப்பு தட்டுப்பட்டது. மறுபடி மேமோகிராம் எடுத்தார்கள், அப்போதும் அதில் ஒன்றும் தெரியவில்லை. அல்ட்ராசவுண்டு வைத்ததும் 2.5 சென்டிமீட்டர் கட்டி தெரிந்தது. அதற்குள் 13 நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருந்தது. தன் மார்பகம் அடர்த்தியானது என்று ஏன் ஒருவரும் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டுக்கொண்டே அவர் சட்டமன்றம்வரை போனார். அடர்த்தியைப் பெண்ணுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்ற முதல் சட்டம் 2009-இல் கனெக்டிகட்டில் வந்தது. அவர் 2018-இல் இறந்தார். 2024 செப்டம்பர் 10 முதல், அடர்த்தியா இல்லையா என்பதை நோயாளிக்குப் புரிகிற சொற்களில் எழுதிக் கொடுப்பது அமெரிக்கா முழுவதும் கட்டாயம். நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை.

சட்டம் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். அடர்த்தி என்று சொன்னால் அடுத்து என்ன செய்வது என்ற கேள்வி வரும். நெதர்லாந்தில் மிக அடர்ந்த மார்பகமும் நார்மல் மேமோகிராமும் உள்ள பெண்களை வைத்து நாற்பதாயிரம் பேருக்கு மேல் சேர்த்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2019-இல் முடிவு வந்தது. ஒரு சோதனைக்கும் அடுத்த சோதனைக்கும் நடுவில் திடீரென்று வெளிப்படும் புற்று ஆயிரம் பேருக்கு 5 என்று இருந்தது, எம்ஆர்ஐ வாய்ப்புத் தரப்பட்ட குழுவில் 2.5 ஆகக் குறைந்தது. நல்ல செய்திதான், ஆனால் கேன்டீன் கூலிக்கு எம்ஆர்ஐ எட்டாது. அல்ட்ராசவுண்டு எட்டும், கூடவே வீண் பயத்தையும் கொண்டுவரும். புற்றில்லாத கட்டிகளைக் காட்டி ஊசி குத்திப் பார்க்கிறவரைக்கும் இழுத்துக்கொண்டு போகும். இதையெல்லாம் அந்தப் பெண்ணிடமே சொல்லி, அவளையும் முடிவில் சேர்த்துக்கொள்ளலாம். சொல்வதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

உன் பெருமையில் இன்னொன்று விட்டுப்போகக் கூடாது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி உன் பக்கத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டு வாசலுக்கு வந்தன. படுக்கையில் கிடந்தவர்களுக்கு வலி தணிக்கும் சிகிச்சை கிடைத்தது. பின்னர் அதே திட்டத்தின் ஒரு கிளை ஆலைகளுக்குள் வந்து தொழிலாளர்களின் பிரஷரையும் சுகரையும் பார்த்தது. நல்ல காரியம். வாய், கருப்பைவாய், மார்பகம் மூன்றுக்கும் ஒழுங்கமைந்த புற்றுநோய்ப் பரிசோதனையை 2023 கடைசியில் அரசு முதலில் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது, ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை ஆகியவற்றோடு உன் அண்டை மாவட்டமான திருப்பத்தூரும் இருந்தது. மற்ற மாவட்டங்களுக்கு விரிப்பதாகப் பிறகு அறிவித்தார்கள். பத்தாயிரக்கணக்கில் பெண்களை ஆலைக்குள் வைத்துக்கொண்டிருப்பது நீதானே, உன் வாசலிலேயே முதலில் தொடங்கியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றத்தான் செய்கிறது.

அந்தப் பரிசோதனையில் மார்பகத்துக்குச் செய்வது என்னவென்றால், பயிற்சி பெற்ற ஒரு பெண் இன்னொரு பெண்ணின் மார்பகத்தையும் அக்குளையும் கையால் சோதிப்பது. கைதானே என்று நினைக்க வேண்டாம். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கி இருபது வருஷம் இதை ஆராய்ந்தது. குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயதுவரை 1,51,538 பெண்கள். அவர்களில் பாதிப் பேரைச் சோதித்தவர்கள் மருத்துவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற ஆரம்பச் சுகாதாரப் பணிப்பெண்கள்தாம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சோதித்தார்கள். முடிவு 2021-இல் வெளியானது. அந்தக் குழுவில் புற்று முற்றாத நிலையிலேயே பிடிபட்டது. ஐம்பதும் அதற்கு மேலும் வயதான பெண்களில் மார்பகப் புற்றால் ஏற்படும் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே சாவு குறைந்ததாகத் தெரியவில்லை, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2022-இல் இந்தியாவில் ஏறக்குறைய 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்று வந்ததாகவும் 98 ஆயிரம் பேர் அதனால் இறந்ததாகவும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீடு சொல்கிறது. நோய் வந்தவர்களோடு ஒப்பிட்டால் இவ்வளவு சாவு எதற்கு? முற்றிய பிறகு வருகிறார்கள்.

ஏன் முற்றிய பிறகு வருகிறார்கள் என்று கேட்டால், அதற்கும் உன் பெண்களின் பொறுமையைத்தான் புகழ வேண்டும். அந்தப் பொறுமைக்காகத்தானே நீ அவர்களைத் தேடிப் பிடிக்கிறாய்? போச்சம்பள்ளியில் முழுக்க முழுக்கப் பெண்களே நடத்தும் ஆலை, பத்தாயிரம் பேர் என்று ஓலா 2021 செப்டம்பரில் அறிவித்தது. செல்பேசி உதிரிபாக வேலைக்காக ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள் ஆறாயிரம் பேர் பயிற்சி பெறுவதாக 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சரே பெருமையாகச் சொன்னார். கூலி வேலையைத் தவிர வேறெதையும் பார்த்திராத வீடுகளில் பெண் சம்பாதித்து வங்கிக் கணக்கு வைத்திருக்கிறாள். தம்பியைப் படிக்கவைக்கிறாள், கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறாள். இதைச் சின்ன விஷயம் என்று சொல்கிறவனோடு நான் சண்டைக்குப் போவேன்.

அந்தப் பொறுமை வீட்டுக்கும் வருகிறது. மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் வலிக்கிறதா என்று அழுத்திப் பார்க்கிறாள். பெரும்பாலும் வலிக்காது, புற்றுக்கட்டியின் குணமே அது. வலிக்காததால் விட்டுவிடுகிறாள். “பால் கட்டியா இருக்கும், தானா கரைஞ்சிடும்” என்கிறாள் அண்ணி. புருஷனிடம் சொல்லக் கூச்சம், ஆண் மருத்துவரிடம் காட்ட அதைவிடக் கூச்சம். லீவு போட்டால் அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும். ஒரு நாள்கூட விடாமல் வந்தவளுக்கு நீ கொடுக்கிற அந்த போனஸ் அவள் வீட்டில் மளிகைக்குப் போகிற காசு. அதனால்தான் அவள் விடாமல் வருகிறாள், கட்டியோடும் வருகிறாள்.

இரவு ஷிஃப்ட்டுக்கும் வருகிறாள். பெண்களை இரவில் வேலைக்கு வைக்கக் கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு சொன்னது. சமத்துவம் கருதிச் சொன்ன அந்தத் தீர்ப்பு எனக்கு உடன்பாடானதே. உடலின் இரவு பகல் கணக்கைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையை, புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007-இல் சேர்த்தது. 2019-இல் மறுபடி அலசி அப்படியே வைத்திருக்கிறது. எல்லா ஆய்வுகளும் ஒரே பக்கம் பேசவில்லை, உறுதியாக அடித்துச் சொல்லும் நிலை இன்னும் இல்லை. ஆனாலும் டென்மார்க்கில், பல வருஷம் இரவு வேலை பார்த்து மார்பகப் புற்று வந்த பெண்கள் சிலருக்கு இழப்பீடு கொடுத்தார்கள். ‘தெரியவில்லை’ என்று ஹோல்டு போட்டு வைத்து, அந்தப் பெண்களைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனித்துக்கொள்வது உன் வழக்கப்படியே நியாயமான காரியம்.

லைனில் நிற்பவர்கள் பெரும்பாலும் பத்தொன்பது, இருபது வயதுப் பெண்கள். அவர்களுக்கு மேமோகிராம் தேவையில்லை, அந்த வயதில் அடர்த்தியால் படம் பெரும்பாலும் வெள்ளையாகவே விழும். தன் உடம்பு எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்திருந்து, மாற்றம் கண்டால் மறைக்காமல் சொல்ல அவர்களுக்குத் தைரியம் இருந்தால் போதும். நாற்பதைத் தாண்டியவர்களைத் தேடினால் நீ வேறு பக்கம் திரும்ப வேண்டும். கேன்டீனில் இருக்கிறார்கள், ஹவுஸ்கீப்பிங்கில் இருக்கிறார்கள், ரோஜாக் குடிலிலும் மாங்கூழ் ஆலையிலும் சீசன் கூலியாக இருக்கிறார்கள். லைனில் நிற்கும் பெண்ணின் அம்மாவாக அஞ்செட்டியிலும் தளியிலும் இருக்கிறார்கள். ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் இருப்பவளின் உடம்பு யார் பொறுப்பு என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுகிறார். நாற்பதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு வருஷம் ஒரு முறை இலவச உடல் பரிசோதனை என்று, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பைப் பற்றி ஒன்றிய அரசு சொல்கிறது. அந்தப் பரிசோதனைத் தாளில் உயரம், எடை, பிரஷர், சுகர் என்று போய்க்கொண்டிருக்கும்போது மார்பகத்துக்கு ஒரு வரி இருக்குமா, ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும் அந்தத் தாள் உண்டா என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நோய் வந்த பிறகு உனக்கு வழி நன்றாகவே தெரியும். ஜுஜுவாடி தாண்டி, அத்திப்பள்ளி தாண்டி நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு. 1973-இல் தொடங்கிய கித்வாய் புற்றுநோய் நிலையம் இங்கிருந்து போகிற பெண்களை மாநிலம் பார்த்து ஒதுக்காமல் எத்தனையோ வருஷமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது. கர்நாடகத்துக்கு அதற்காக நாம் கடன்பட்டிருக்கிறோம். மாதம் 21,000 ரூபாய்வரை சம்பளம் உள்ளவர்களுக்கு ஈஎஸ்ஐ இருக்கிறது. போலுப்பள்ளியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. வசதி இல்லாத ஊர் என்று உன்னை யாரும் சொல்ல முடியாது. அத்தனை வசதியையும் கட்டி முடித்த நீ, அவள் அங்கே போய்ச் சேர வேண்டிய நாளை அவளுடைய கூச்சத்தின் பொறுப்பிலும் அவளுடைய அண்ணியின் பொறுப்பிலும் விட்டுவைத்திருக்கிறாய்.

அக்டோபரில் இளஞ்சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு நீ நடத்தும் கூட்டங்களுக்கு நான் வந்திருக்கிறேன். வந்து பேசுகிற மருத்துவர்கள் அருமையாகப் பேசுகிறார்கள். கேள்வி கேட்கச் சொன்னதும் அத்தனை பெண்களும் குனிந்துகொள்கிறார்கள், மேடையில் மேலாளர்கள் உட்கார்ந்திருப்பதால். ஒரு வேண்டுகோள் மட்டும். அடுத்த கூட்டத்தில் மேலாளர்கள் வாழ்த்திவிட்டு வெளியே போய்விடட்டும்.

மீதியை நீ ரிப்பன் இல்லாமலே செய்யலாம், செய்கிற திறமை உன்னிடம்தான் இருக்கிறது. உன் ஆலைகளில் முதலுதவி அறை இருக்கிறது, பெரிய ஆலைகளில் நர்ஸும் இருக்கிறார். அந்த நர்ஸைக் கையால் சோதிக்கும் பயிற்சிக்கு அனுப்பு. ஒரு புது ஆளுக்கு வெர்னியர் பிடிக்கக் கற்றுத் தருகிற நீ இதற்கு யோசிக்கவேண்டியதில்லை. நாற்பதைத் தாண்டிய பெண் யாராக இருந்தாலும், சொந்தப் பதிவேடு, ஒப்பந்தப் பதிவேடு பார்க்காமல், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அந்த நர்ஸ் முன்னால் உட்காரட்டும். வெளியே எடுத்த மேமோகிராம் இருந்தால் அந்த அடர்த்தி வரியை நர்ஸ் வாசித்து, தெலுங்கோ கன்னடமோ தமிழோ இந்தியோ, அவளுக்குப் புரிகிற பேச்சில் சொல்லட்டும். தாழிட முடிகிற ஒரு கதவும், ஆளுக்குப் பத்து நிமிஷமும் போதும். லைனை நிறுத்த வேண்டாம். பாத்ரூம் போகிறவளின் இடத்தில் நிற்பதற்கு ஒவ்வொரு லைனிலும் ஒரு ரிலீவர் வைத்திருக்கிறாயே, அவளையே அந்தப் பத்து நிமிஷத்துக்கும் நிற்கவை. அட்டெண்டன்ஸ் போனஸில் கை வைக்காதே.